டிரான்சிஸ்டர் தம்பிகள்: சுளுக்காத கை

கீதனிடம் அந்த விஷயத்தைச் சொல்லும் பொறுப்பு நிலானியின் தலையில் விழுந்து ஒரு வாரம் ஓடிவிட்டது. சொன்னபாடில்லை.

"நீங்கதான அக்கா. நீங்க சொன்னா கேட்டுக்குவான்" என்று ஆக்லாந்தின் தெற்கே பாபகூராவில் தன் வீட்டு ஹாலில் சப்பணமிட்டு உட்கார்ந்து வெற்றி சொன்னபோது அகிலும் தலையாட்டினான். வெற்றிக்கு பேஸ் கிட்டார், அகிலுக்குப் பாட்டு, நிலானிக்குக் கீபோர்டு. ட்ரம்ஸ் வாசிக்கிற நாலாவது ஆளைத்தான் அன்றைக்குக் கூப்பிடவில்லை. அவன் வாசித்த பதிவை மட்டும் மூன்று பேரும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள். எந்தப் பாட்டையும் கடைசி ரயிலைப் பிடிக்க ஓடுகிறவன் மாதிரித்தான் கீதன் வாசிப்பான். மெதுவான காதல் பாட்டுக்கே பாதியில் வேர்த்துவிடும். "இவனை மாத்தோணும்" என்று முதலில் வாயைத் திறந்தவள் நிலானி. கூடப் பிறந்த அக்கா.

இத்தனைக்கும் டிரான்சிஸ்டர் தம்பிகள் என்ற இந்தக் குழுவை ஆரம்பித்தவனே கீதன்தான். ஒட்டிப் பிடித்த காற்சட்டை, மெல்லிய கறுப்பு டை, நெற்றியில் விழும் முடி, அறுபதுகளின் ஆங்கிலப் பாட்டும் தமிழ் சினிமாப் பாட்டும் அடுத்தடுத்து என்று எல்லாம் அவன் யோசனை. பெண் இருக்கிற குழுவுக்குத் தம்பிகள் என்று பெயரா என்று கேட்டவர்களுக்கு, "அக்கா இருக்கிற இடத்தில மற்ற எல்லாரும் தம்பிகள்தானே" என்று சொல்லிச் சிரிக்கவைத்தவனும் அவன்தான்.

போன மாதம் நிலானியும் அகிலும் வீட்டுக்குத் தெரியாமல் பதிவுத் திருமணம் செய்தபோது, பெற்றோல் ஷெட்டில் ஒரு பூங்கொத்தை வாங்கிக்கொண்டு ஓடிவந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டதும் அவனே. இன்றுவரை வீட்டில் மூச்சு விடவில்லை. அம்மா சற்குணம் மெல்பேர்னில் இருக்கும் பல் டாக்டர் ஒருவரை மகளுக்குப் பேசிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை விடிந்தபோது த்ரீ கிங்ஸ் பகுதியில் இருந்த அவர்கள் வீடு அமளிப்பட்டது. மதியம் ஒனிஹங்கா மண்டபத்தில் கச்சேரி. சும்மா கச்சேரியும் இல்லை. கோடைகாலத்தில் ஊர் ஊராக அறுபதுகளின் பாட்டு நிகழ்ச்சி நடத்தும் பிரெண்டா என்ற வெள்ளைக்காரப் பெண்மணி இவர்களைப் பார்க்க வருகிறாள். பிடித்துவிட்டால் நாட்டின் தெற்குத் தீவின் அடி வரைக்கும் மேடைதான்.

அப்பா இரத்தினசிங்கம் மகனின் காற்சட்டைக்கு அயன் போட்டுக்கொண்டிருந்தார்.

"உவ்வளவு ஒடுக்கத்துக்குள்ள காலை எப்பிடியடா விடுறாய்?"

"சவர்க்காரம் பூசித்தான், அப்பா."

அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தெரிந்த எல்லோரையும் கச்சேரிக்கு வரச் சொல்லியிருந்தார். மகன் படிப்பைப் பாதியில் விட்ட நாளிலிருந்து நாலு பேர் முன்னால் தலையைக் குனிந்து நடந்த மனிதர் அவர். இன்றைக்குத்தான் நிமிரப் போகிறார்.

அடுப்படியில் சற்குணம் ரோல்ஸ் பொரித்தபடியே மகளைக் கண்ணால் அளந்தாள்.

"பல் டாக்டர்ட பெரியம்மா வாறா. முன்வரிசையில இருத்திறன். தலையை ஆட்டி ஆட்டி வாசிக்காதை பிள்ளை."

"அம்மா, அது கச்சேரி. பொம்பிளை பாக்கிற இடமில்லை."

"ரெண்டும் ஒண்டுதான். அவைக்குப் பிடிக்கிற மாதிரி இருந்து காட்டோணும். அந்த இந்தியாக்காரப் பெடியனைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு. ஒட்டிக்கொண்டு நிக்கிறான்."

நிலானி வெளியே வந்தாள். கார் நிறுத்தும் இடத்தில் கீதன் துணியில் வினிகரை நனைத்துத் தாளத்தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"கீதன், உன்னோட ஒரு விசயம் கதைக்கோணும்."

"கதைப்பம். அதுக்கு முன்னம் இதைக் கேள்." துணியைப் போட்டுவிட்டு எழுந்து நின்று தொண்டையைச் செருமினான். "அன்பார்ந்த நேயர்களே! மானுகாவ் துறைமுகக் காற்று உங்கள் தலைமுடியைக் கலைப்பதற்கு முன், உங்கள் மனங்களைக் கலைக்க வருகிறார்கள்..."

ஆக்லாந்தில் பிறந்த பிள்ளை. வீட்டில் பாதி இங்கிலீஷ்தான். ஆனால் அப்பா ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய ரேடியோ நிகழ்ச்சிகளின் கேசட்டைக் கேட்டுக் கேட்டு, மைக்கைப் பிடித்தால் மட்டும் அச்சடித்த தமிழ் வரும். குழுவின் அறிவிப்பாளனும் அவன்தான்.

"எப்பிடி?"

"நல்லாயிருக்கு" என்றாள் நிலானி.

"என்ன கதைக்கோணும் எண்டாய்?"

"ஒண்டுமில்லை. ட்ரம்ஸை ஏத்து."

வேனை அவள்தான் ஓட்டினாள். கீதன் மடியில் ரோல்ஸ் டப்பாவை வைத்துக்கொண்டு ஒன்றை எடுத்து அவள் வாயில் திணித்தான்.

"அக்கா, நான் யூனிவர்சிட்டியை விட்டது பிழையெண்டு எல்லாரும் சொல்லேக்க நீ மட்டுந்தான் பேசாமல் இருந்தனீ. அது எனக்கு எவ்வளவு பெரிய ஹெல்ப் தெரியுமோ?"

அவளுக்கு வாயில் ரோல்ஸ். அன்றைக்கு அவள் பேசாமல் இருந்ததற்குக் காரணம் தம்பி மேல் இருந்த நம்பிக்கை அல்ல. அந்தச் சண்டையில், தான் இரவில் வெளியே போய்வருவதை அம்மா மறந்துபோனாளே என்ற நிம்மதி. அதைச் சொல்ல முடியுமா?

இப்போதே சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சிவப்பு விளக்கில் வேன் நின்றது. நல்ல இடம், நல்ல நேரம். ஆனால் சொன்னால் அவன் இறங்கிப் போவான், அல்லது வேனைத் திருப்பச் சொல்வான். திருப்பினால் ட்ரம்ஸும் திரும்பிவிடும். கீதனுக்குப் பதிலாக வரப்போகும் யசீகரனிடம் இருப்பது நவீன எலக்ட்ரானிக் ட்ரம்ஸ். அறுபதுகளின் மேடைக்கு ஒத்துவராது. கீதன் அலைந்து திரிந்து வாங்கி, முகப்பில் குழுவின் பெயரைத் தன் கையாலேயே எழுதிய இந்தப் பழைய செட்தான் வேண்டும்.

அவன் ட்ரம்ஸை மேடையில் முழுக்கப் பூட்டி முடிக்கட்டும், பிறகு சொல்லலாம்.

விளக்குப் பச்சையாகிப் பின்னால் ஒருவன் ஹாரன் அடித்த பிறகுதான், தான் என்ன முடிவெடுத்திருக்கிறோம் என்பதே நிலானிக்கு உறைத்தது. இருந்தாலும் முடிவை மாற்றவில்லை.

மேடையில் கீதன் ஒவ்வொரு ட்ரம்மாகத் தட்டிப் பார்த்து, திருகி, மறுபடி தட்டி, வேர்வை சொட்டச் சொட்டப் பூட்டி முடித்தான். வெற்றி அந்தப் பக்கம் பார்க்காமல் வயர்களைப் பிரித்தான். அகில் நிலானியின் அருகே வந்தான்.

"சொல்லிட்டியா?"

"இல்லை."

"நிலா, யசீகரன் வெளிய கார்ல உக்காந்திருக்கான். எவ்வளவு நேரம்தான் ஒளிச்சு வைக்கிறது?"

கீதனை அவள் மண்டபத்தின் பின்பக்கம் கூட்டிப் போனாள். குப்பைத் தொட்டிகள் நிற்கும் இடம். கடல்காற்று காது மடலை அடித்தது.

"கீதன், இண்டைக்கு நீ வாசிக்கேல்லை."

"என்ன?"

"யசீகரன் வாசிக்கிறான். இண்டைக்கு மட்டுமில்லை. இனிமேல்."

கீதன் சிரித்தான். பகிடி என்று நினைத்துவிட்டான். அவள் முகத்தைப் பார்த்து மெல்ல மெல்லச் சிரிப்பை நிறுத்தினான்.

"நான் ஸ்பீட் ஆகிறதாலயோ?"

"ஓம்."

"அதைக் குறைக்கலாம், அக்கா. பிராக்டிஸ் பண்ணினால்..."

"ரெண்டு வருசமாப் பிராக்டிஸ் பண்ணுறாய். குறையேல்லை."

அவன் சப்பாத்து நுனியால் ஒரு கல்லைத் தள்ளினான். "என்ர ட்ரம்ஸிலயா வாசிப்பான்?"

"ஓம்."

"அப்ப நான் பூட்டி முடிக்குமட்டும் பாத்துக்கொண்டு நிண்டனீ."

கீதன் நிமிர்ந்தான். கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல் உடையவில்லை.

"ஆர் ஆர் சேர்ந்து முடிவெடுத்தது?"

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால், அன்றைய நாள் வேறு மாதிரி முடிந்திருக்கலாம்.

"அவங்கள் ரெண்டு பேரும். நான் வேண்டாமெண்டுதான் சொன்னனான். கேக்கேல்லை."

கீதன் சட்டென்று அவளைக் கட்டிப்பிடித்தான். "தெரியும், அக்கா. நீ விட்டிருக்க மாட்டாய்." முதுகில் இரண்டு தட்டு வேறு. ஆறுதல் சொல்ல வேண்டியவளுக்கு அவன் ஆறுதல் சொன்னான்.

"அப்பாவுக்கு என்ன சொல்லுறது? எல்லாரையும் கூப்பிட்டு வைச்சிருக்கிறார்."

நிலானி அதற்கும் யோசித்து வைத்திருந்தாள். பிசியோதெரபிஸ்ட் அவள். கைப்பையில் கட்டுப்போடும் துணி எப்போதும் இருக்கும். "கை சுளுக்கிப் போச்செண்டு சொல்லுவம். கையை நீட்டு."

அவன் நீட்டினான். மணிக்கட்டிலிருந்து பெருவிரல் வரை, கிளினிக்கில் நோயாளிக்குக் கட்டுவதுபோலவே சுற்றி இறுக்கி முடித்தாள்.

"அறிவிப்பு நீதான் செய்யோணும். அதை உன்னை மாதிரி ஒருத்தராலும் ஏலாது" என்றாள் போனால் போகிறதென்று.

"தாங்ஸ்" என்றான் கீதன். நிசமாகவே சொன்னான்.

மண்டபம் நிறைந்தது. முன்வரிசையில் அப்பா, அம்மா, பட்டுச்சேலையில் பல் டாக்டரின் பெரியம்மா. கடைசி வரிசையில் பிரெண்டா, வெள்ளி முடியும் சிவப்புக் கண்ணாடியுமாக. திரைக்குப் பின்னால் கீதனின் ஸ்டூலில் உட்கார்ந்து யசீகரன் உயரத்தைச் சரிசெய்தான். நிலானி கீபோர்டில் விரலை வைத்தாள். கைகட்டோடு கீதன் திரையோரம் நின்றான்.

வெற்றி அவள் பக்கம் குனிந்தான்.

"அக்கா, இப்பதான் அவன்கிட்ட சாரி சொன்னேன். மனசு கேக்கல. இன்னும் ஒரு மாசம் பாத்திருக்கலாம்னு நான் அன்னைக்கே சொன்னேன், அக்காதான் இப்பவே மாத்தணும்னு நின்னாங்கன்னு சொன்னேன். ஒண்ணும் பேசல. அவனுக்குத்தான் எல்லாம் தெரியுமே, நீங்க சொல்லியிருப்பீங்களே?"

நிலானி தலையைத் திருப்பினாள். கீதன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் எதுவும் தெரியவில்லை. டையைச் சரிசெய்துகொண்டு, மைக்கை எடுத்துக்கொண்டு, திரை விலகும் முன்பே அதன் முன்னால் போய் நின்றான்.

"அன்பார்ந்த நேயர்களே!"

கைதட்டல். துறைமுகக் காற்று, தலைமுடி, அப்பாவின் வழுக்கை என்று அடுத்தடுத்து எடுத்துவிட்டான். மண்டபம் சிரித்து உருண்டது. தமிழே தெரியாத பிரெண்டாகூட அவன் முகத்தையும் உடம்பையும் பார்த்துச் சிரித்தாள். திரை விலகியது.

"ட்ரம்ஸில், பாபகூரா தந்த புயல், யசீகரன்! என்னைவிட நன்றாக வாசிப்பார். என் அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். பேஸ் கிட்டாரில் வெற்றி! பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. கீபோர்டில், இந்தக் குழுவின் ஒரே அக்கா, நிலானி!"

முன்வரிசையில் பெரியம்மா அம்மாவின் காதில் ஏதோ சொல்லித் தலையசைத்தாள். அம்மாவின் முகம் மலர்ந்தது.

"இறுதியாக, பாடகர் அகில். சேலத்தில் பிறந்து, ஆக்லாந்தில் வேலை பார்த்து, சென்ற மாதம் பதிவு அலுவலகத்தில் என் அக்காவைக் கைப்பிடித்து, அதற்குச் சாட்சியாக என்னையும் கூட்டிச்சென்ற எங்கள் வீட்டு மருமகன்!"

ஒரு விநாடி கழித்துச் சிரிப்பு வெடித்தது. அப்பாவும் சிரித்தார்.

கீதன் கையை உயர்த்தினான். "சிரிக்காதீர்கள் நேயர்களே. இது விளம்பரமல்ல. செய்தி."

சிரிப்பு வரிசை வரிசையாக அடங்கியது. எல்லோரும் நிலானியைப் பார்த்தார்கள். மறுக்க வேண்டுமென்றால் ஒரு தலையசைப்புப் போதும். அவளால் முடியவில்லை. அகில் ஓரெட்டு நகர்ந்து அவள் அருகே வந்து நின்றான். அதுவே பதிலாகிவிட்டது.

பெரியம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சற்குணம் அவள் பின்னாலேயே நடந்தாள். இரத்தினசிங்கம் மேடையை நோக்கி வந்தார். அகிலை அடிக்கப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் மகனின் கையைப் பிடித்தார்.

"கையில என்ன?"

"அக்கா கட்டினவ."

இரத்தினசிங்கம் கட்டைப் பிரித்தார். சுற்றுச் சுற்றாக, அவசரப்படாமல். வீக்கமில்லை, சிவப்பில்லை. மகனின் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். ட்ரம்ஸுக்குப் பின்னால் இருந்த யசீகரனைப் பார்த்தார். பிறகு மகளை.

"உன்ர கலியாணத்தை மறைச்சாய், சரி. இவனை ஏன் எனக்கு முன்னால முடமாக்கினாய்?"

மைக் திறந்திருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது.

"வாடா, வீட்டை போவம்" என்று மகனை அணைத்துக் கூட்டிக்கொண்டு நடுவழியாக நடந்து போனார்.

என்ன செய்வதென்று தெரியாமல் யசீகரன் குச்சிகளைத் தட்டினான். பாட்டு ஆரம்பித்தது. வேகம் கூடவில்லை, குறையவில்லை. டிரான்சிஸ்டர் தம்பிகள் அவ்வளவு சுத்தமாக ஒருநாளும் வாசித்ததில்லை. ஒருவரும் ஒழுங்காகக் கைதட்டவும் இல்லை.

எல்லாம் முடிந்து பிரெண்டா மேடையருகே வந்தாள்.

"அந்தப் பையன் எங்கே? ஆரம்பத்தில் பேசினவன்."

"என் தம்பி. போய்விட்டான்" என்றாள் நிலானி ஆங்கிலத்தில்.

"அவன் சொன்னதில் ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை. ஆனால் அவனைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. கடைசியில் மொத்த மண்டபத்தையும் மூச்சுவிடாமல் நிறுத்தினானே, அது என்ன வித்தை?" பிரெண்டா சிவப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நீங்கள் நன்றாகத்தான் வாசிக்கிறீர்கள். நன்றாக வாசிக்கிறவர்கள் எனக்கு நிறையப் பேர் கிடைப்பார்கள். புதன்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், பேசலாம். அவன் இல்லையென்றால் வர வேண்டாம்."

வெற்றி வாய்விட்டுச் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"அவன் வருவானா?" என்றான் அகில்.

"நான் கேக்கிறன்" என்றாள் நிலானி.

த்ரீ கிங்ஸ் வந்து சேர்ந்தபோது வெயில் இன்னும் கூரைகளில் நின்றது. அகிலை வேனிலேயே இருக்கச் சொல்லிவிட்டு இறங்கினாள். வாசலில் கறுப்புக் குப்பைப் பைகள் வரிசையாக இருந்தன. மேல் பையிலிருந்து அவளுடைய நீலச் சுடிதாரின் கை வெளியே தொங்கியது.

ஜன்னலைத் திறந்தாள் சற்குணம். கத்தவில்லை.

"ஒண்டும் விடேல்லை, எல்லாம் கட்டியாச்சு. ரோல்ஸ் மிச்சம் கிடக்கு. உன்ர புருசனுக்குக் கொண்டு போறதெண்டால் கொண்டு போ. இனி இந்த வீட்டில அவனுக்கு விருந்து கிடையாது."

"அம்மா, நான் கீதனோட..."

ஜன்னல் மூடிக்கொண்டது. உள்ளே அப்பா டி.வி.யின் சத்தத்தைக் கூட்டினார்.

வாசற்படியில் கீதன் உட்கார்ந்திருந்தான். டையைக் கழற்றவில்லை. அவள் நின்றபடியே பிரெண்டா சொன்னதையெல்லாம் சொன்னாள். நடுவில் மூச்சு வாங்கியது. தம்பியிடம் கெஞ்சிப் பழக்கமில்லாதவள், அது எப்படி என்று அப்போதுதான் கற்றுக்கொண்டாள்.

"நான் செய்தது பிழை. தெரியும். நீ செய்ததும் சின்ன வேலையில்லை. ஆனா இது எங்கள் எல்லாருக்குமான சான்ஸ், கீதன்."

"வாறன்" என்றான்.

இவ்வளவு சுலபமாகவா! அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ட்ரம்ஸ் யசீகரனே வாசிக்கட்டும். நல்லா வாசிக்கிறான், மண்டப வாசலில நிண்டு கேட்டனான். நான் மைக் பிடிக்கிறன்." கீதன் எழுந்து காற்சட்டையைத் தட்டினான். "பாட்டும் நானே படிக்கிறன்."

"பாட்டா? நீயா? உனக்குச் சுருதியே நிக்காதே!"

"ஓம், நிக்காது. பிரெண்டாவுக்கு நான்தானே வேணும். அகில் வேண்டாம்."

"கீதன், விளையாடாதை."

"இண்டைக்கு எல்லாரும் விளையாடியாச்சு." சிரிக்காமலே சொன்னான். "அகிலுக்கு நான் சொல்லமாட்டன். வெற்றியும் சொல்லக்கூடாது. நீதான் சொல்லோணும். புதன்கிழமைக்குள்ள. சொல்லிப்போட்டு எனக்கு ஃபோன் எடு. எடுக்காட்டி நான் வரமாட்டன்."

கதவைத் திறந்து உள்ளே போனவன் திரும்பி வந்தான். ஒரு பையைத் தூக்கி அவள் கையில் கொடுத்தான்.

"இதில கண்ணாடிச் சாமான் இருக்கு. பாத்து வை."

வேனிலிருந்து அகில் பாதி இறங்கித் தயாராக இருந்தான். பைகளையெல்லாம் அவனே ஓடி ஓடி ஏற்றினான். ஒவ்வொரு முறையும் அவளைப் பார்த்து, எல்லாம் சரியாகிவிடும் என்பதுபோல் தலையசைத்தான். ஏற்றி முடித்துக் கதவைச் சாத்தினான்.

"என்ன சொன்னான்? வருவானா?"

"வருவானாம்."

"அப்பாடா! எனக்குத் தெரியும் நிலா, அவன் நல்ல பையன். வேற ஏதாவது சொன்னானா?"

நிலானி பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். கண்ணாடிச் சாமான் இருந்த பை அவள் மடியில் இருந்தது.

"இல்லை. வேற ஒண்டும் சொல்லேல்லை" என்றாள்.

அகில் சந்தோஷமாக ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வண்டியை எடுத்தான்.